அம்பு காட்டும் இடம்

மலை ஏறுவோர் பல நோக்கங்களோடு ஏறுகின்றனர். நேர்ச்சையை நிறைவேற்ற ஏறுவோர் உண்டு. உடல்நலம் கருதி ஏறுவோர் உண்டு. ஆடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் அன்றாடம் ஏறி இறங்கும் எளியவர்களும் உண்டு. நாங்களோ, கணவனும் மனைவியுமாக, அறுபத்தைந்து வயதைத் தாண்டிய பின்னர், மலை உச்சிகளில் நில அளவையாளர்கள் பதித்துச் சென்ற குறிகளைத் தேடி ஏறத் தொடங்கினோம்.

இதைக் கேள்வியுற்ற எங்கள் பங்கின் மூதாட்டி ஒருவர், மரியாயின் சேனைக் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, “அங்கே புதையல் ஏதும் இருக்கிறதா?” என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார். புதையல் இல்லை. உள்ளங்கை அகலமுள்ள உலோகத் தகடு ஒன்று இருக்கும். அல்லது பாறையில் வெட்டிய வட்டமும் அதன் நடுவே ஒரு புள்ளியும் இருக்கும். அதை எடுத்து வர இயலாது, எடுக்கவும் கூடாது. கண்ணாரக் கண்டு, ‘இருக்கிறது’ என்று எழுதி வைத்துவிட்டு இறங்கி வரவேண்டியதுதான். ஆயினும், பயனற்றதுபோல் தோன்றும் இப்பொழுதுபோக்கு எங்கள் குடும்பத்திற்குச் செய்த நன்மை சிறிதன்று. அதனை வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது தகும் என்று எண்ணியே இதனை எழுதுகிறோம்.

எங்களுள் ஒருவர் வருவாய்த் துறையில் நில அளவராக முப்பத்திரண்டு ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். மற்றவர் தொடக்கப்பள்ளி ஆசிரியை. நில அளவரின் வாழ்வு சங்கிலியும் புலப்படமும் எல்லைக்கல்லுமாகக் கழிவது. அண்ணனும் தம்பியும் ஒரு முழ நிலத்துக்காக முகம் பாராமல் நிற்பதையும், இரவோடு இரவாகக் கல்லைப் பிடுங்கித் தள்ளி நடுவதையும் அவர் கண்டிருக்கிறார். அடுத்தவனின் எல்லைக்கல்லைப் பெயர்ப்பதைத் திருநூல் ஏன் அத்துணைக் கடுமையாகக் கண்டிக்கிறது என்பது வயல்வெளியில் வெயிலில் நின்று அளந்தவருக்கு நன்றாகவே விளங்கும். கல் ஒன்று இடம் பெயர்ந்தால் ஒரு குடும்பமே இடம் பெயர்ந்துவிடும்.

பேசாத பேரன்

எங்கள் ஒரே மகள் கணவரோடும் மகனோடும் அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குக் கிழக்கே உள்ள ஊரொன்றில் வாழ்கிறாள். 2018ஆம் ஆண்டு நாங்கள் முதன்முறை சென்றிருந்தபோது பேரனுக்கு எட்டு வயது. தாத்தாவின் தோளில் ஏறிக்கொண்டு மழலைத் தமிழில் ஓயாமல் கதை கேட்பான். 2024ஆம் ஆண்டு இரண்டாம் முறை சென்றபோது அவனுக்குப் பதினான்கு வயது. எங்களைவிட உயரமாக வளர்ந்திருந்தான். காலையில் ஒரு புன்னகை, மாலையில் ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள்; எஞ்சிய நேரமெல்லாம் அவனது அறைக்கதவு மூடியே இருந்தது.

அவனிடம் கெட்ட பழக்கம் ஏதும் இல்லை. ஞாயிறு தோறும் திருப்பலிக்கு வருவான், படிப்பிலும் குறைவில்லை. ஆனால் எங்களிடம் பேசுவதற்கு அவனிடம் பொருள் ஒன்றும் இல்லை. அவனிடம் பேசுவதற்கு எங்களிடமும் இல்லை. கடல் கடந்து ஆறு மாதம் தங்க வந்த முதியோருக்கு இதைவிடப் பெரிய தனிமை வேறு இருக்க முடியாது. மகள் ஒரு நாள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே, “நீங்கள் ஊருக்குப் போன பிறகு இவனுக்கு உங்களைப்பற்றி என்ன நினைவிருக்கும் அம்மா?” என்று கேட்டபோது, மறுமொழி சொல்ல எங்களால் இயலவில்லை.

வழியைத் திறந்தவர் எங்கள் மருமகன். அவருக்குச் சில ஆண்டுகளாக ஒரு பொழுதுபோக்கு உண்டு. அதன் பெயர் ஜியோகேச்சிங். செயற்கைக்கோள்கள் தரும் ஜி.பி.எஸ். குறிகளின் துல்லியத்தைப் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே குறைத்துக் கொடுத்துவந்த அமெரிக்க அரசு, 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அத்தடையை நீக்கியது. சில நாட்களுக்குள் ஓரிகான் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில சிறு பொருள்களை இட்டுக் காட்டில் மறைத்துவைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிட்டார். கண்டுபிடிப்பவர் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்துவிட்டு வரவேண்டும் என்பதே விதி. இவ்விளையாட்டு விரைவில் உலகெங்கும் பரவிற்று.

அதன் கிளையாக மற்றொரு தேட்டமும் வளர்ந்தது. அமெரிக்க நில அளவைத் துறையினர் நாடெங்கும் பதித்த குறிகள் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றின் விவரங்கள் அவ்விளையாட்டுக்காரர்களின் பட்டியலில் இடம்பெற்றன. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அப்பட்டியல் நிறுத்தப்பட்டுவிட்டது. எனினும், பழகியவர்கள் அரசின் பதிவேட்டையே நேரடியாகப் பார்த்துத் தேடுகின்றனர். மருமகன் தம் கைப்பேசியில் ஒரு குறியின் விவரத்தைத் திறந்து மாமனாரிடம் நீட்டி, “மாமா, இது உங்கள் தொழில். கொஞ்சம் பாருங்கள்” என்றார்.

வெண்கலத் தகடும் அதன் வரலாறும்

அந்த விவரக் குறிப்பைப் படித்த ஓய்வுபெற்ற நில அளவருக்குப் பிறந்த ஊருக்குத் திரும்பியதுபோல் இருந்தது. இன்ன ஊரின் நடுவிலிருந்து இத்தனை மைல் வடக்கே செல்க. பண்ணை வாயிலில் இடப்புறம் திரும்புக. வேலி ஓரமாக ஏறுக. மேட்டின் மிக உயர்ந்த பாறைக்குத் தெற்கே இத்தனை அடியில் காண்க. பல பத்தாண்டுகளுக்கு முன் யாரோ ஒரு சர்வேயர், தமக்குப் பின் வரவிருக்கும் முகமறியாத ஒருவருக்காக எழுதிவைத்த வழி அது. அதன் கீழே, அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்து பார்த்தவர்கள் ‘நன்னிலையில் உள்ளது’ என்று ஒவ்வொரு வரி சேர்த்திருந்தார்கள்.

வாசகர்களுக்கு இக்குறிகளின் பயனைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஒரு நாட்டை முழுவதும் சங்கிலி போட்டு அளப்பது இயலாது. மலையும் ஆறும் குறுக்கிடும். ஆகவே சமவெளியில் ஒரே ஒரு கோட்டை மிகத் துல்லியமாக அளப்பர். அதற்கு அடிக்கோடு என்று பெயர். அக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள மலையுச்சி ஒன்றை நோக்கிக் கோணங்களை அளந்தால், முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களும் கணக்கிலேயே கிடைத்துவிடும். அப்பக்கங்களை அடிக்கோடாகக் கொண்டு அடுத்த முக்கோணம், அதன்மேல் அடுத்தது. இவ்வாறு மலைக்கு மலை தாவி, நாடு முழுவதும் ஒரு வலை விரியும். அமெரிக்காவில் இப்பணிக்கென ஓர் அமைப்பு 1807ஆம் ஆண்டில், ஜெபர்சன் குடியரசுத் தலைவராக இருந்தபோது நிறுவப்பட்டது. அதன் வழிவந்த நிறுவனம் இன்றும் இயங்குகிறது.

முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும், கருவி நின்ற இடம் மாறிப்போகாதிருக்க, பாறையிலோ கான்கிரீட்டிலோ ஒரு வெண்கல வட்டத் தகட்டைப் பதித்தார்கள். விட்டம் ஏறத்தாழ ஒன்பது சென்டிமீட்டர். நடுவில் சிறு முக்கோணமும் புள்ளியும். சுற்றிலும் துறையின் பெயர். அந்நிலையத்தின் பெயரும் பதித்த ஆண்டும் உளியால் அடித்த எழுத்தில் இருக்கும். இதைச் சிதைப்பவருக்கு 250 டாலர் அபராதம் அல்லது சிறை என்ற எச்சரிக்கை பழைய தகடுகளில் காணப்படும். பல நிலையங்களில் மேல்தகட்டுக்கு நேர் கீழே, மண்ணுக்குள், இன்னொரு குறியும் புதைத்திருப்பார்கள். மேலுள்ளது அழிந்தாலும் கீழுள்ளது காட்டிக்கொடுக்கும்.

முதல் குன்றுக்கு மருமகனின் வற்புறுத்தலால் பேரனும் வந்தான். கோடையில் காய்ந்து பொன்னிறமாகிவிட்ட புல்மேடு அது. ஆங்காங்கே ஓக் மரங்கள். மேய்ந்து திரியும் மாடுகள். ஒன்றரை மணி நேரம் ஏறினோம். அவன் காதுகளில் பாட்டுக்கருவியை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான். உச்சியில் புல்லை விலக்கித் தேடியபோது தகடு வெயிலில் பளிச்சிட்டது. குனிந்து பார்த்தவன், பெயரையும் ஆண்டையும் உரக்கப் படித்தான். அன்று அவ்வளவுதான். ஆனால் மறுவாரம் அவனே, “தாத்தா, இன்னொன்று இருக்கிறது, போகலாமா?” என்று அறைக்கதவைத் திறந்துகொண்டு வந்து கேட்டான்.

காணாமற்போன குறி

ஐந்தாவதாக நாங்கள் ஏறிய குன்றில் எதிர்பாராதது நிகழ்ந்தது. விவரக் குறிப்பின்படி உச்சியில் தகடு இருக்க வேண்டும். அரை மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. ஆனால் சற்றுத் தள்ளி, ஒரு பாறையில் வேறொரு தகடு இருந்தது. அதில் முக்கோணம் இல்லை. ஓர் அம்புக்குறி மட்டும் இருந்தது.

அது துணைக்குறி. முதன்மைக் குறிக்கு அருகில் இத்தகைய துணைக்குறிகள் இரண்டோ மூன்றோ பதிப்பது வழக்கம். ஒவ்வொன்றின் அம்பும் முதன்மைக் குறியை நோக்கியிருக்கும். எத்தனை அடி தொலைவு, எத்திசை என்பது ஏட்டில் எழுதப்பட்டிருக்கும். துணைக்குறியின்மேல் கருவியை வைத்து நாட்டை அளக்கமாட்டார்கள். அதற்குத் தனிப் பெருமை கிடையாது. ‘நான் அன்று, அதோ, அங்கே’ என்று காட்டுவது ஒன்றே அதன் பணி. தேடியபோது இரண்டாவது துணைக்குறியும் புதரோரத்தில் கிடைத்தது.

தாத்தாவின் முகத்தில் அப்பொழுது தோன்றிய மலர்ச்சியைப் பேரன் அதற்குமுன் கண்டதில்லை. பிடுங்கப்பட்ட எல்லைக்கல்லின் இடத்தை மற்ற கற்களிலிருந்து அளந்து மீட்பது, முப்பத்திரண்டு ஆண்டுகள் அவர் அன்றாடம் செய்த வேலை. பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். நாடாவின் நுனியை முதல் துணைக்குறியின்மேல் பேரனைப் பிடிக்கச் சொல்லி, ஏட்டிலுள்ள அளவுக்கு நாடாவை நீட்டி, குச்சியால் தரையில் ஒரு வில் வரைந்தார். பின் இரண்டாவது குறியிலிருந்து இன்னொரு வில். இரண்டும் வெட்டிக்கொண்ட இடத்தில் உலர்ந்த புல்லையும் மேல்மண்ணையும் கையால் விலக்கினோம். கான்கிரீட் அடித்தளம் தெரிந்தது. நடுவில், தகட்டின் காம்பு இருந்த இடத்தில், ஒரு துளை மட்டுமே இருந்தது. நினைவுப் பொருளாகவோ விலைபேசவோ யாரோ தகட்டை நெம்பி எடுத்துச் சென்றிருந்தார்கள்.

பேரனுக்குச் சினம் தாங்கவில்லை. “இரண்டு அம்பும் சரியாகக் காட்டுகிறது. ஆனால் காட்டுகிற இடத்தில் ஒன்றும் இல்லையே தாத்தா!” என்றான்.

“இடம் இருக்கிறதடா. தகடுதான் இல்லை” என்றார் தாத்தா.

அவன் வெகுநேரம் அந்தத் துளையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வீடு திரும்பியதும் அவனே நில அளவை நிறுவனத்துக்கு அறிக்கை எழுதினான். தகடு அகற்றப்பட்டுள்ளது, அடித்தளம் உள்ளது, துணைக்குறிகள் இரண்டும் நன்னிலையில் உள்ளன. அவ்வறிக்கையைத் தமிழில் எங்களுக்குச் சொல்ல முயன்று, சொல் கிடைக்காமல் திணறி, ‘துணைக்குறி’ என்ற சொல்லைத் தாத்தாவிடமிருந்து கற்றுக்கொண்டான். அன்றிரவு உணவு மேசையில் அவன் பேசியது, அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் பேசியதைவிட மிகுதி.

மகள் கேட்ட கேள்விக்கு அன்று எங்களுக்கு மறுமொழி கிடைத்தது. பேரனுடைய மண் வேறு, மொழி வேறு, அவன் கட்டப்போகும் வாழ்வும் வேறு. அவ்வாழ்வின் முதன்மைக் குறியாக நாங்கள் நிற்க இயலாது. நிற்க விரும்புவதும் முறையன்று. சற்றுத் தள்ளி, உறுதியான பாறையில், அம்பு திரும்பாமல் இருந்தால் போதும். பிற்காலத்தில் அவன் எதையேனும் இழந்து தேடும்போது, ‘இத்தனை அடி, இத்திசை’ என்று அளந்துகொள்ள எங்கள் வாழ்வு உதவுமாயின், முதுமைக்கு அதைவிட நல்ல பணி எது? வனாந்தரத்தில் நின்று, தமக்குப் பின் வருபவரைச் சுட்டிக்காட்டிய திருமுழுக்கு யோவானின் பணியும் இத்தகையது தானே!

அசையாத குறி சொன்ன செய்தி

ஊர் திரும்புமுன் டயாப்ளோ மலைக்குச் சென்றோம். ஸ்பானிய மொழியில் அப்பெயருக்குப் பேய் என்று பொருள். பெயர் அச்சுறுத்தினாலும் உச்சிவரை கார் செல்வதால் எங்கள் முழங்கால்களுக்கு அது அருள்மலையாகவே அமைந்தது. 3,849 அடி உயரம். 1851ஆம் ஆண்டில் இவ்வுச்சியைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு நில அளவை தொடங்கிற்று. கலிபோர்னியாவின் மூன்றில் இரு பங்கு நிலமும் நெவாடா மாநிலம் முழுவதும் இன்றும் இப்புள்ளியிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. உச்சியில் கட்டிய கல் மண்டபத்தின் தரையைத் துளைத்துக்கொண்டு மலையின் முடிப்பாறை தலைநீட்டியிருப்பதைக் காணலாம்.

அங்கே கேட்டறிந்த செய்தி ஒன்று எங்கள் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவை நிலநடுக்கம் அழித்தது. சில இடங்களில் நிலம் 20 அடி வரை பக்கவாட்டில் நகர்ந்து, வேலிகளும் சாலைகளும் துண்டாகி விலகி நின்றன. அதன்பின் அளவையாளர்கள் மீண்டும் மலைமேல் ஏறினர். பிளவிலிருந்து விலகியுள்ள டயாப்ளோவையும் அதன் தென்கிழக்கிலுள்ள மோக்கோ என்னும் சிகரத்தையும் அசையாதவை எனக் கொண்டு, 1850களிலிருந்து பதிக்கப்பட்டிருந்த மற்றக் குறிகளை அளந்தனர். பிளவுக்கு மேற்கேயுள்ள குறிகள் வடமேற்காகவும் கிழக்கேயுள்ளவை தென்கிழக்காகவும் நகர்ந்திருந்தன. பிளவின் அருகில் நகர்வு மிகுதி. தொலைவு கூடக் கூட நகர்வு குறைவு. அன்றியும், நிலநடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்னரே தொலைவிலுள்ள குறிகள் சிறிது சிறிதாக இடம் மாறிவந்திருந்தன என்பதும் பழைய கணக்குகளிலிருந்து வெளிப்பட்டது.

இக்கணக்குகளை ஆராய்ந்த ஹாரி பீல்டிங் ரீட் என்ற அறிஞர் 1910ஆம் ஆண்டில் ஒரு கொள்கையை வெளியிட்டார். நிலநடுக்கம் அன்றைய ஒரு நாளில் தோன்றுவதன்று. பிளவின் இரு பக்கமும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்க, நிலம் பல ஆண்டுகளாக ஓசையின்றி வளைந்துகொண்டே வருகிறது. தாங்கும் எல்லை மீறும் நாளில், வளைத்த பிரம்பு நிமிர்வதுபோல், ஒரு நொடியில் நழுவி நிமிர்ந்துவிடுகிறது. இன்றும் நிலநடுக்க அறிவியலின் அடிப்படைகளுள் ஒன்றாக இக்கொள்கை விளங்குகிறது. மலையுச்சியில் உள்ளங்கை அகலக் குறியைப் பதித்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். அவர்கள் படம் வரையத்தான் அளந்தார்கள். அவர்களுடைய நேர்மை, பூமியின் இரகசியத்தையே வெளிப்படுத்திற்று.

குடும்பங்களிலும் இவ்வாறே. ஒரு நாள் மாலையில் தந்தையும் மகனும் உரத்துப் பேசிப் பிரிந்தார்கள் என்று ஊர் சொல்லும். உண்மையில் அவ்வளைவு ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி நிகழ்ந்துகொண்டிருந்தது. இடையிடையே சென்று அளந்து பார்த்தவர் இல்லை, அவ்வளவே.

நம் மலை, நம் குறி

கடந்த கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மகள் குடும்பத்தோடு வந்தபோது, பேரன் முதலில் கேட்டது புனித தோமையார் மலைக்குப் போகவேண்டும் என்பதே. திருத்தூதர் தோமையார் இரத்தம் சிந்திய இடம் என்று வழிவழியாக நாம் வணங்கும் மலை. 1523ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் ஆலயம் எழுப்பிய மலை. அம்மலைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு என்பதை நம்மவருள் பலர் அறியார். 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி இம்மலையின் அருகிலிருந்து பெரும்பாக்கம் குன்றுப் பக்கமாகத் தமது அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளமுள்ள அக்கோடே, பிற்காலத்தில் இமயம் வரை நீண்ட மாபெரும் முக்கோண அளவையின் முதல் கோடு.

அவர் பயன்படுத்திய நூறடி எஃகுச் சங்கிலி, சீனப் பேரரசருக்குப் பரிசாக அனுப்பப்பட்ட கருவிகளுள் ஒன்று. அங்கே மதிக்கப்படாமல் இந்தியா வந்து சேர்ந்தது. வெயிலில் எஃகு நீளும். ஆகவே சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானிகளை அருகில் வைத்து, ஒவ்வொரு முறையும் நீட்சியைக் கணக்கிட்டு அளவைத் திருத்தினார்கள். அரை டன் எடையுள்ள அவருடைய தியோடலைட் கடல்வழியில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி, பின் அவர்களாலேயே பெருந்தன்மையோடு அனுப்பிவைக்கப்பட்டது. தீபகற்பத்தின் குறுக்கே சென்னையிலிருந்து மங்களூர் வரை அளந்தபோது, பழைய படங்களில் 400 மைல் என்றிருந்த அகலம் உண்மையில் 360 மைல்தான் என்று தெரியவந்தது. 1808ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மேல் அக்கருவியை ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி மோதிச் சிதைந்தது. லாம்டன் மனம் தளராமல் வாரக்கணக்கில் இருந்து தம் கையாலேயே அதைச் செப்பனிட்டார். 1823ஆம் ஆண்டு, அளவைப் பணியிலேயே, இன்றைய மகாராட்டிர மாநிலத்து இங்கன்காட்டில் உயிர் நீத்தார். அவர் தொடங்கிய வலை வடக்கே விரிந்தபோதுதான், வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார் என்ற கணித மேதையின் கணக்கால் உலகின் மிக உயர்ந்த சிகரம் எதுவென்பது தெளிவாயிற்று.

மலைமேல் லாம்டனின் மார்பளவுச் சிலை உள்ளது. ஆலயத்தில் செபித்துவிட்டு வெளியே வந்த பேரன் அச்சிலையின் முன் நின்று, “இவர் சரி தாத்தா. சங்கிலியைத் தூக்கியவர்கள் யார்?” என்று கேட்டான். நல்ல கேள்வி. எங்கோ ஒரு குன்றின் தலையில், காய்ச்சலுக்கும் கொடு விலங்குக்கும் நடுவே, இரவெல்லாம் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற கூலியாட்கள் நம்மவர்களே. அவர்களுள் ஒருவர் உறங்கியிருந்தால் அந்த முக்கோணம் மூடியிருக்காது. அவர்கள் பெயர் எந்தத் தகட்டிலும் இல்லை.

எங்கள் ஊருக்கு அருகிலுள்ள குன்றிலும் இத்தகைய குறி ஒன்று உண்டு. பாறையில் வட்டமும் புள்ளியும். நிலப்படத்தில் சிறு முக்கோணத்தின் நடுவே புள்ளி வைத்துக் காட்டியிருக்கும். பேரனோடு ஏறிப் பார்த்தோம். குன்றின் மறுபக்கம் பாதிக்குமேல் கல் உடைத்து எடுக்கப்பட்டுவிட்டது. குறிக்கும் பள்ளத்துக்கும் இடையே, பேரன் நாடா பிடிக்க அளந்தோம். நாற்பத்தொரு அடி இருந்தது. அவ்வளவையும் நாளும் எழுதி, வரைபடத்தோடு உரிய அலுவலகத்திற்கு அனுப்பியிருக்கிறோம். இன்னும் மறுமொழி இல்லை. அடுத்த ஆண்டும் சென்று அளப்போம்.

செல்ல விரும்பும் குடும்பங்களுக்கு

சில குறிப்புகள் சொல்வது நலம். தனியார் நிலமாயினும் காட்டுத்துறை நிலமாயினும் முன்னரே இசைவு பெறுக. காலையில் ஏறி, வெயில் ஏறுமுன் இறங்குக. தண்ணீரும் தொப்பியும் தவறாது கொள்க. முதியோர் கைத்தடியின்றி ஏறலாகாது. குறியைச் சுற்றித் தோண்டுதல், சுண்ணாம்பு பூசுதல், பெயர் எழுதுதல் கூடாது. ஊர்ப் பெரியவர் ஒருவரை உடனழைத்துச் செல்லுங்கள். ‘கொடி கட்டிய மேடு’ என்றோ ‘சர்வே கல்’ என்றோ அவர் சுட்டுமிடம் படத்தில் இல்லாத செய்தியைத் தரும். பிள்ளைகளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, நாளையும் குறியின் நிலையையும் அவர்கள் கையால் எழுதச் செய்யுங்கள்.

செயற்கைக்கோள்கள் வந்தபின் இக்குறிகளால் என்ன பயன் என்று கேட்போர் உண்டு. படம் வரைய இவை முன்போல் தேவைப்படா என்பது உண்மையே. ஆயினும், வானிலிருந்து வரும் எண் ‘நீ இங்கே இருக்கிறாய்’ என்று மட்டுமே சொல்லும். பாறையிலுள்ள குறியோ, ‘உனக்கு முன் ஒருவர் இங்கே நின்றார், உன்னை நினைத்து இதை விட்டுச் சென்றார்’ என்று சொல்லும்.

எங்கள் பேரன் இப்பொழுது மாதம் ஒருமுறை தான் ஏறிய குன்றைப்பற்றித் தமிழில் நாலு வரி எழுதி அனுப்புகிறான். எழுத்துப் பிழைகள் மலிந்திருக்கும். ஆசிரியையாக இருந்தவர் அவற்றைத் திருத்தி அனுப்புகிறார். நில அளவராக இருந்தவர் அளவுகளைச் சரிபார்க்கிறார். சென்ற மாதத்துக் கடிதத்தின் முடிவில், ‘முதன்மைக் குறி கிடைக்கவில்லை; துணைக்குறி ஒன்று கிடைத்தது; அடுத்த வாரம் மீண்டும் போவேன்’ என்று எழுதியிருந்தான்.